பேட்டரி ஆய்வகத்திலிருந்து தடயவியலுக்கு: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பேட்டரி செல்லைப் பத்திரமாகப் பிரிக்கவும், மின்வாயை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கவும், ஈடிஎஸ் (எக்ஸ்ரே வழியாகத் தனிமங்களைக் கண்டறியும் முறை) நிறமாலையில் எது உண்மையான சிகரம், எது வெறும் இரைச்சல் என்று சொல்லவும் தெரிந்த ஒருவருக்குத் தடயவியல் புலனாய்வில் பாதி வேலை ஏற்கெனவே தெரிந்ததுதான். மீதிப் பாதி அப்படியில்லை. பேட்டரி ஆராய்ச்சியை விட்டு இந்தப் பக்கம் வர நினைக்கும் பொருளறிவியலாளர்கள் "புதிதாக எந்தக் கருவியைக் கற்க வேண்டும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கருவி பெரிய விஷயமே இல்லை. யோசிக்கும் திசை மாற வேண்டும், அதற்குத்தான் காலம் பிடிக்கும்.

ஆய்வகத்தில் செல்லைச் செய்தது நீங்கள். எந்தக் கலவையைப் பூசினீர்கள், எந்த வெப்பநிலையில் எத்தனை சுற்று ஓட்டினீர்கள் என்று அதன் பிறப்பு முதல் எல்லாம் தெரியும். தெரியாதது முடிவு மட்டும்தான். தடயவியலில் முடிவு மேசைமேல் கரிந்து கிடக்கிறது, வரலாறுதான் தெரியாது. அதோடு அது ஒன்றே ஒன்று. கெட்டுப்போனால் இன்னொன்று செய்துகொள்ள முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியம், வேறு வேறு வரலாறுகள் ஒரே மாதிரியான கரியில் வந்து முடியலாம். அந்தக் கரியோடு ஒத்துப்போகும் கதைகள் எத்தனை, அவற்றில் எதையெல்லாம் நீக்க முடிகிறது என்று நேர்மையாகச் சொல்வதுதான் இந்த வேலை. கீழே வரும் படிகள் எல்லாம் அதற்குத்தான்.

முதல் படி: எந்தத் தடயவியல் என்று தீர்மானியுங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே துறை போலத் தெரியும், உள்ளே இரண்டு உலகங்கள். ஒன்று, காவல்துறைக்கும் குற்ற வழக்குகளுக்கும் வேலை செய்யும் தடயவியல் ஆய்வகம். அங்கே உங்களுக்குப் பொருந்துவது நுண்தடயப் பிரிவு: துப்பாக்கிச் சூட்டுத் துகள், கண்ணாடிச் சில்லு, பெயின்ட், இழை. ஈயம், பேரியம், ஆன்டிமனி மூன்றும் ஒரே துகளில் இருக்கிறதா என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேடுவது நீங்கள் தினமும் செய்த வேலையின் தம்பிதான். இன்னொன்று, பொறியியல் பக்கம்: தீ விபத்து, உடைந்த இயந்திரம், வாகனம், விமானம், வெடித்த கருவி. இங்கே வேலை கொடுப்பவர்கள் காப்பீட்டு நிறுவனங்கள், உற்பத்தியாளர்கள், வழக்கறிஞர்கள், அரசு விபத்துப் புலனாய்வு அமைப்புகள். பேட்டரி தெரிந்தவருக்கு இரண்டாவதில் கதவு எளிதாகத் திறக்கும், ஏனென்றால் லித்தியம் பேட்டரி சம்பந்தப்பட்ட தீயில் செல்லின் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்லக்கூடிய ஆள் தீப் புலனாய்வாளர்களிடையே குறைவு. அதனால் இரண்டாவதையே மனதில் வைத்து மேலே எழுதுகிறேன். முதலாவதுதான் பிடிக்கிறது என்றால் ஐந்தாம் படியை இன்னும் கவனமாகப் படியுங்கள்.

இரண்டாம் படி: இரண்டு வழக்குகளை ஆழமாகப் படியுங்கள்

பாடநூலுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். 2013 ஜனவரி 7 அன்று பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் நின்றிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸின் போயிங் 787 விமானத்தில், துணை மின்னாக்கிக்கான எட்டு செல் கொண்ட லித்தியம் அயன் பேட்டரி எரிந்தது. ஜனவரி 16 அன்று ஆல் நிப்பான் ஏர்வேஸின் இன்னொரு 787 பேட்டரிக் கோளாறால் தகாமட்சுவில் அவசரமாகத் தரையிறங்கியது. பாஸ்டன் நிகழ்வைப் பற்றி அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2014-இல் இறுதி அறிக்கை வெளியிட்டது. ஒரு செல்லுக்குள் ஏற்பட்ட ஷார்ட் சர்க்யூட்டும், அதனால் தொடங்கி அடுத்தடுத்த செல்களுக்குப் பரவிய, வெப்பம் கட்டுக்கடங்காமல் தானே ஏறும் தெர்மல் ரன்அவேயும்தான் காரணம் என்றது அந்த அறிக்கை. அதோடு நிற்கவில்லை. ஒரு செல்லில் ஷார்ட் ஆனால் மிக மோசமாக என்ன நடக்கும் என்பதற்கு வடிவமைப்பில் பாதுகாப்பு இல்லாததையும், சான்றளிப்பின்போது அந்தக் குறை கண்டுபிடிக்கப்படாததையும் சேர்த்தே காரணமாக எழுதினார்கள். நம்மைப் போன்றவர்கள் மின்வாயோடு நின்றுவிடுவோம். புலனாய்வு அங்கே நிற்பதில்லை.

அடுத்தது சாம்சங் கேலக்ஸி நோட் 7. 2016-இல் போன்கள் எரிந்தன, திரும்பப் பெற்றார்கள், வேறொரு நிறுவனத்தின் பேட்டரியோடு மாற்றுப் போன் கொடுத்தார்கள், அதுவும் எரிந்தது. 2017 ஜனவரியில் வெளியான முடிவின்படி முதல் வகைப் பேட்டரியில் மேல் வலது மூலையில் எதிர்மின்வாய் வளைந்திருந்தது. இரண்டாம் வகையில் நேர்மின்வாய் பட்டையை வெல்டிங் செய்த இடத்தில் இருந்த பிசிறுகள் காப்பு நாடாவையும், இரு மின்வாய்களையும் தொடவிடாத பிரிப்பானையும் துளைத்தன. ஒரே போன், ஒரே அறிகுறி, இரண்டு வெவ்வேறு காரணங்கள். முதல் காரணத்தைக் கண்டதும் மனது நிம்மதி அடைகிறதே, அந்த நிம்மதியைச் சந்தேகப்படப் பழகுங்கள்.

மூன்றாம் படி: எரிந்த செல்லைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இங்கேதான் உங்கள் பழைய அறிவு மிகவும் உதவும், இங்கேதான் மிகவும் ஏமாற்றவும் செய்யும்.

சில எண்களை மனப்பாடமாக வைத்திருங்கள். ஆனோடு (எதிர்மின்வாய்) மேலுள்ள எஸ்இஐ என்ற பாதுகாப்புப் படலம் ஏறக்குறைய 80 முதல் 120 டிகிரி செல்சியஸில் சிதையத் தொடங்கும். பாலிஎத்திலீன் பிரிப்பான் 130 டிகிரி வாக்கில் உருகும், பாலிபுரொப்பிலீன் 165 வாக்கில். நிக்கல் அதிகமுள்ள கேத்தோடுகள் (நேர்மின்வாய்கள்) 200 டிகிரியை ஒட்டி ஆக்சிஜனை விடத் தொடங்கும், லித்தியம் இரும்பு பாஸ்பேட் இன்னும் தாக்குப்பிடிக்கும். அலுமினியம் உருகுவது 660-இல், செம்பு 1085-இல். அலுமினியமும் செம்பும் தொட்டுக்கொண்டிருந்தால் 548 டிகிரியிலேயே யூடெக்டிக் உருகல் (இரண்டும் கலந்து, தனித்தனியாக உருகுவதைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகுவது) ஆரம்பித்துவிடும். இந்தக் கடைசி எண்ணை மறக்கவே கூடாது.

ஏன் என்று பாருங்கள். எரிந்த செல்லைப் பிரித்தால் அலுமினியப் படலம் பெரும்பாலும் உருகிக் கட்டிக் கட்டியாகக் கிடக்கும், செம்புப் படலம் சுருளாக மிஞ்சியிருக்கும். அதில் ஒரு ஓட்டை, ஓரத்தில் உருண்டை உருண்டையாகச் செம்பு மணிகள். புதிதாக வந்தவர் கண்ணில் பட்டதும் "இதோ, உள் ஷார்ட், இங்கேதான் ஆரம்பம்" என்று சொல்லிவிடுவார். கொஞ்சம் பொறுங்கள். உருகிய அலுமினியம் செம்பின்மேல் வழிந்தால் 1085 டிகிரி தேவையே இல்லை, கலப்புலோகமாகி அதைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே ஓட்டை விழும். அதனால் ஓட்டையின் ஓரத்தில் ஈடிஎஸ் வைத்து அலுமினியம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லை என்றே வைத்துக்கொள்வோம், தூய செம்பு மணிதான். அப்போதும் முடியவில்லை: வெளியிலிருந்து வந்த தீ செல்லைச் சுட்டு, பிரிப்பான் உருகி, மின்வாய்கள் தொட்டு, அதனால் ஷார்ட் ஆகி அந்த மணி உருவாகியிருக்கலாம். அப்படியென்றால் மணி சொல்வது, அந்த நேரத்தில் செல்லில் மின்னாற்றல் இருந்தது என்பதை மட்டும்தான். தீயை ஆரம்பித்தது அந்த செல்தான் என்று அது சொல்லவில்லை.

அப்புறம் எப்படித்தான் பிரித்தறிவது? ஒரே ஒரு தடயத்தை வைத்து முடியாது. சுருளின் அடுத்தடுத்த அடுக்குகளில் ஓட்டை ஒரே இடத்தில் வரிசையாக வருகிறதா, பேக்கில் உள்ள மற்ற செல்களிலும் இதே போன்ற ஓட்டைகள் இருக்கின்றனவா, எந்த செல்லின் கூடு பக்கவாட்டில் கிழிந்திருக்கிறது, சேதம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் பரவியிருக்கிறது, பேட்டரி மேலாண்மைச் சிப்பில் கடைசியாகப் பதிவான மின்னழுத்தம் என்ன, எந்த செல் குழு முதலில் சரிந்தது என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மேலாண்மைப் பலகை பிழைத்திருந்தால் முதலில் அதைக் காப்பாற்றுங்கள். நுண்ணோக்கிப் படம் எத்தனை எடுத்தாலும் சொல்லாத நேர வரிசையை அது சொல்லும்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். பேட்டரி ஆராய்ச்சியாளர்களுக்கு டெண்ட்ரைட் (கிளைவிட்டு வளரும் லித்தியம் ஊசி) என்றால் தனிப் பிரியம். குளிரில் வேகமாக சார்ஜ் செய்தால் லித்தியம் படியும், கிளைக்கும், துளைக்கும், எல்லாம் சரிதான். ஆனால் எரிந்த செல்லில் லித்தியம் டெண்ட்ரைட் மிஞ்சாது. தடயம் மிஞ்சாத ஒரு காரணத்தை, நமக்கு நன்றாகத் தெரிந்த காரணம் என்பதற்காகவே அறிக்கையில் எழுதுவது பெரிய தவறு. அதே பேக்கில் எரியாமல் தப்பிய செல்களிலும், அதே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த புதிய செல்களிலும் லித்தியம் படிவு இருக்கிறதா, சார்ஜ் பதிவுகள் அதற்கு இடம் கொடுக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சையே எடுக்கலாம். அளவுக்கு மீறி டிஸ்சார்ஜ் ஆகிச் செம்பு கரைந்து வேறிடத்தில் படிவதும் இப்படித்தான்: எரிந்த செல்லைவிட, எரியாத உடன்பிறப்பு செல்தான் அதிகம் பேசும். அதனால் கரியைக் கையில் வாங்கும்போதே, கூட இருந்த எரியாத செல்கள் எங்கே என்று கேளுங்கள். அவற்றை யாராவது குப்பையில் போடுவதற்கு முன் கேளுங்கள்.

நான்காம் படி: உடனே திறக்கும் பழக்கத்தை விடுங்கள்

கோளாறான செல் வந்தால் காற்றுப் புகாத குளோவ் பாக்ஸில் வைத்து வெட்டிப் பார்ப்பது நமக்கு இயல்பு. இங்கே அப்படிச் செய்தால் வழக்கே போய்விடும். நீங்கள் வெட்டியது எதிர்த்தரப்புக்கும் உரிமையுள்ள சான்று. அவர்கள் பார்ப்பதற்கு முன்பே அதை மாற்றிவிட்டால் சான்றை அழித்ததாக ஆகும், உங்களை அமர்த்தியவருக்கே அது கேடாக முடியும்.

வரிசை இப்படி இருக்கட்டும். வாங்கும்போதே பொட்டலத்தின் முத்திரை, லேபிள், யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது வந்தது என்ற பதிவு. பிறகு எல்லாப் பக்கமும் அளவுகோலோடு புகைப்படம். பிறகு எக்ஸ்ரே, அதன்பின் சிடி ஸ்கேன். சுருளின் வளைவு, பட்டையின் இடம், உள்ளே கிடக்கும் உலோக உருண்டை எல்லாம் திறக்காமலே தெரியும். அதே மாடலில் புதிய செல் ஒன்றையும் ஸ்கேன் செய்து பக்கத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் எது இயல்பு, எது கோளாறு என்று சொல்ல முடியாது. திறக்கத்தான் வேண்டும் என்றால், என்ன செய்யப் போகிறோம், எந்த வரிசையில் என்று எழுதி, சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்புக்கும் அனுப்பி, அவர்கள் ஒப்புக்கொண்டு, அவர்கள் ஆட்கள் சுற்றி நிற்கும்போதே செய்யுங்கள். இதற்கென்றே ஏஎஸ்டிஎம் ஈ860, ஈ1188 என்ற தரநிலைகள் இருக்கின்றன. இரண்டும் சிறியவைதான், வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே படித்துவிடுங்கள்.

பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். எரிந்த பேக் செத்த பேக் இல்லை. சில செல்களில் ஆற்றல் மிச்சம் இருக்கும், நாட்கள் கழித்தும் மறுபடி பற்றும். மின்பகுளியிலுள்ள லித்தியம் ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்பேட் சிதைந்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடு என்ற நச்சு வாயு வரும். உப்புத் தண்ணீரில் முக்கி வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஹைட்ரஜன் வாயு வெளிவரும், முனைகள் அரித்துப்போகும், உங்கள் சான்றும் அதோடு போகும்.

ஐந்தாம் படி: தீயையும் தர்க்கத்தையும் படியுங்கள்

பேட்டரியைப் பற்றி எவ்வளவு தெரிந்தாலும் அறைத் தீ எப்படி நடந்துகொள்கிறது என்று தெரியாவிட்டால் தீ வழக்கில் நீங்கள் பாதிக் கண்ணோடுதான் நிற்பீர்கள். தீப் புலனாய்வில் முதல் கேள்வி எங்கே ஆரம்பித்தது என்பது, ஏன் என்பது அதன் பிறகுதான். அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் வெளியிடும் என்எஃப்பிஏ 921 என்ற தீப் புலனாய்வு வழிகாட்டியின் முதல் பதிப்பு 1992-இல் வந்தது. அதற்கு முன்பு, அனுபவஸ்தர்கள் வாய்வழியாகக் கைமாற்றிய நம்பிக்கைகளே நிறைய இடங்களில் அறிவியலாக நடமாடின. ஜன்னல் கண்ணாடியில் வலைபோல நுண்விரிசல் இருந்தால் பெட்ரோல் ஊற்றி வேகமாக எரித்திருக்கிறார்கள் என்பது அதில் ஒன்று. உண்மையில் சூடான கண்ணாடிமேல் தீயணைப்புத் தண்ணீர் பட்டுச் சட்டென்று குளிர்ந்தாலே அந்த விரிசல் வரும். கண்ணாடியின் வெப்ப அதிர்ச்சி பற்றிப் படித்த எந்தப் பொருளறிவியலாளரும் இதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருப்பார். இப்படிப்பட்ட சாட்சியத்தை நம்பி மனிதர்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள். இந்தத் துறைக்கு நம் போன்றவர்கள் தேவை என்று நான் நம்புவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

அதற்காக, பொருளறிவியல் வந்தாலே உண்மை வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். தோட்டா ஈய ஒப்பீட்டின் கதையைக் கட்டாயம் படியுங்கள். ஒரு தோட்டாவின் ஈயத்தில் ஆன்டிமனி, ஆர்சனிக், செம்பு, வெள்ளி, பிஸ்மத், தகரம், காட்மியம் எவ்வளவு என்று அளந்து, சந்தேக நபரின் பெட்டியிலிருந்த தோட்டாவோடு ஒத்துப்போனால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று அமெரிக்காவின் எஃப்பிஐ நிபுணர்கள் பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் சாட்சி சொன்னார்கள். அளவீட்டில் பெரிய குறை இல்லை. ஆனால் ஒரே உருக்கலிலிருந்து ஏராளமான தோட்டாக்கள் வருகின்றன, வெவ்வேறு உருக்கல்களும் பிரித்தறிய முடியாதபடி ஒத்திருக்கலாம், ஆகவே இரண்டு தோட்டாக்கள் ஒத்துப்போவதால் அவை ஒரே பெட்டியைச் சேர்ந்தவை என்று ஆகிவிடாது. இதைக் கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர், அதே அமைப்பிலிருந்து ஓய்வுபெற்ற உலோகவியலாளர் வில்லியம் டோபின். 2004-இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் அறிக்கை வந்தது, 2005-இல் எஃப்பிஐ அந்தச் சோதனையையே நிறுத்தியது. கருவி சரி, எண் சரி, எண்ணிலிருந்து எடுத்த முடிவு தவறு. உங்கள் ஒவ்வொரு வழக்கிலும் இந்த இடைவெளி இருக்கும்.

இதோடு சேர்த்து ஒன்று: எல்லாவற்றையும் நீக்கியாகிவிட்டது, மிச்சம் பேட்டரிதான், ஆகவே பேட்டரிதான் காரணம் என்று எழுதுவதை என்எஃப்பிஏ 921-இன் 2011 பதிப்பு அறிவியல் முறைக்கு முரணானது என்று சொல்லிவிட்டது. நேர்ச்சான்று இல்லையென்றால் "தீர்மானிக்க முடியவில்லை" என்பதும் ஒரு முடிவுதான். ஆய்வுக் கட்டுரையில் இப்படி எழுதினால் திருப்பி அனுப்புவார்கள், இங்கே சில சமயம் அதுவே மிக நேர்மையான வரி. கூடவே, வழக்கைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்பதைச் சோதனை முடியும்வரை முடிந்த அளவு தள்ளி வையுங்கள். நிபுணர்கள் முடிவெடுக்கும் விதத்தை ஆராயும் இட்டியெல் டிரோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள கைரேகை நிபுணர்களிடம் அவர்களே முன்பு பொருந்துகிறது என்று சொன்ன ரேகைகளை, இது தவறாகப் பொருத்தப்பட்ட வேறொரு வழக்கின் ரேகை என்ற கதையோடு திரும்பக் கொடுத்தபோது, பெரும்பாலோர் தங்கள் முந்தைய முடிவையே மாற்றினார்கள். அவர்களுக்கு நடந்தது நமக்கும் நடக்கும்.

ஆறாம் படி: எழுதவும் சாட்சி சொல்லவும் பழகுங்கள்

அறிக்கையில் "ஒத்துப்போகிறது" என்ற சொல்லைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். செம்பு மணி உள் ஷார்ட்டோடு ஒத்துப்போகிறது என்பது உண்மைதான், வெளித் தீயோடும் ஒத்துப்போகிறது என்பதும் உண்மை. முதல் பாதியை மட்டும் எழுதினால் படிப்பவர் தவறாகத்தான் புரிந்துகொள்வார். என்ன பார்த்தேன், அதற்கு எத்தனை விளக்கங்கள், எவற்றை எந்தச் சோதனையால் நீக்கினேன், எதை நீக்க முடியவில்லை: இந்த நான்கும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். சிவில் வழக்கில் எது அதிகச் சாத்தியம் என்பதே பொதுவாக அளவுகோல், குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். எந்த வழக்கு என்று தெரிந்து எழுதுங்கள், ஆனால் அதற்காகக் கண்டுபிடிப்பை வளைக்காதீர்கள்.

நீதிமன்றத்தில் நீங்கள் எழுதிய பழைய ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து உங்களிடமே கேட்பார்கள். உங்கள் முறை சோதிக்கத்தக்கதா, பிழை விகிதம் தெரியுமா, சக ஆய்வாளர்கள் பரிசீலித்ததா என்று அமெரிக்காவில் 1993-இன் டாபர்ட் தீர்ப்புக்குப் பிறகு நீதிபதிகளே பார்க்கிறார்கள், 1999-இன் கும்ஹோ டயர் தீர்ப்பு இதைப் பொறியியல் சாட்சியத்துக்கும் விரித்தது. வேறு நாடுகளில் சட்டம் வேறு, ஆனால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருப்பது எங்கும் நல்லது. தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மாநாட்டில் கேள்வி வந்தால் ஊகமாகவாவது பேசுவோமே, அந்தப் பழக்கம் சாட்சிக் கூண்டில் ஆபத்து.

ஏழாம் படி: உள்ளே போவது

முனைவர் பட்டம் கதவருகே கொண்டுபோய் நிறுத்தும், அவ்வளவுதான். முறிவுப் பரப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப விசை பட்டு உண்டாகும் களைப்பு முறிவின் கடற்கரைக் கோடுகளைக்கூட அடையாளம் காணாமல் பேட்டரி மட்டும் தெரிந்தவருக்குக் கொடுக்க ஒரு அலுவலகத்திடம் போதிய வழக்குகள் இருக்காது. அடிப்படை மின்சுற்றும் கொஞ்சம் புள்ளியியலும் வேண்டும். தீப் பக்கம் போனால் சர்வதேசத் தீவைப்புப் புலனாய்வாளர் சங்கமான ஐஏஏஐ தரும் சான்றிதழ் போன்றவை உதவும், ஆனால் அவற்றில் சில, களத்தில் வேலை செய்த அனுபவத்தையும் கேட்கும் என்பதால் வேலையில் சேர்ந்தபின் எடுக்கத் திட்டமிடுங்கள். ஆய்வகம் என்றால் அது சோதனை ஆய்வகங்களின் தகுதிக்கான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் பெற்றதா என்று கேளுங்கள். விண்ணப்பத்தில் எத்தனை கட்டுரை எழுதினீர்கள் என்பதைவிட, கோளாறான செல் ஒன்றின் காரணத்தை நீங்கள் கண்டுபிடித்த விதத்தை, நீக்கிய விளக்கங்களோடு இரண்டு பக்கத்தில் எழுதிக் காட்டுவது அதிகம் பேசும். ரகசியத் தரவு மட்டும் அதில் இருக்கக் கூடாது.

நேர்காணலுக்கு முன்பே ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள்: வேலை செய்த நிறுவனங்கள், ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்கள், கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தங்கள், உங்கள் பெயரிலுள்ள காப்புரிமைகள். அந்த நிறுவனங்களின் செல் எரிந்த வழக்கு வந்தால் நீங்கள் விலகி நிற்க வேண்டியிருக்கும், இதை அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிட வேண்டும். பெரிய செல் தயாரிப்பாளர் ஒருவரோடு நீண்ட காலம் இருந்தவர் என்றால், அந்தத் தயாரிப்பாளருக்கு எதிரான வழக்குகளையே அதிகம் எடுக்கும் அலுவலகத்தில் உங்களுக்குக் கொடுக்க வேலை இருக்காது. விபத்துப் புலனாய்வு அமைப்பிலோ, பலவகை வழக்குகள் வரும் பெரிய ஆலோசனை நிறுவனத்திலோ முதலில் விசாரியுங்கள்.